பாடத்தில் வரும் பெண்

கருமத்தம்பட்டி,
28.1.1996

அன்புள்ள அக்காவுக்கு,

சண்முகப்பிரியா எழுதுகிறேன். இங்கே யாருக்கும் காய்ச்சலோ தலைவலியோ இல்லை. அதை நலம் என்று எடுத்துக்கொள்வதானால் எல்லோரும் நலம். நீயும் மாமாவும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மாமா என்றே எழுதுகிறேன். அவருக்குப் பிடிக்காவிட்டால் சொல்லிவிடு.

உன் பூனா விலாசத்தை ரங்கநாயகி டீச்சர் கொடுத்தார். நீ அவருக்கு அனுப்பிய கடிதத்தின் உறையிலிருந்து விலாசம் இருந்த துண்டை மட்டும் கிழித்து, என் இங்கிலீஷ் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தார். நீ எனக்கு எழுதினால் பள்ளிக்கூடத்துக்கு, டீச்சர் பெயருக்கு எழுது. வீட்டுக்கு வேண்டாம். தபால்காரர் சின்னான் எதுவானாலும் நேராக அப்பா கையில்தான் கொடுப்பார்.

நீ மாமாவோடு போன பிறகு நடந்ததை உனக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். விஷயம் தெரிந்த மறுநாள் காலையில் அப்பா கிணற்றடித் தொட்டிக்குப் போய் உன்னைத் தலை முழுகினார். அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு எங்கள் தலையிலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளச் சொன்னார். ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே நனைந்திருந்த தலையில்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டோம்.

அதற்குப் பிறகுதான் தெய்வாத்தாள் அத்தை வந்தார். தனியாக வரவில்லை, பெரியவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பாவின் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தது அத்தைதானே. கூறைச்சேலையின் ஒரு நுனியை அப்பாவும் மறு நுனியை அத்தையும் பிடித்துக்கொண்டு, தனக்குப் பெண் பிறந்தால் அக்கா மகனுக்கே தருவேன் என்று சபையில் அப்பா ஒத்துக்கொண்ட சீர். அப்போது சுரேந்தர் மச்சான் டவுசர் போட்ட பையன், நீ பிறக்கவே இல்லை. நீ பிறந்த நாளிலிருந்து இந்தக் கதையைச் சொல்லித்தான் உன்னை வளர்த்தார்கள். இந்தத் தை மாதம் நடக்க வேண்டியது உன் கல்யாணம். அதை நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

அத்தை உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார், "சீலையைப் புடிச்சப்ப வாயில வார்த்தை இருந்துச்சே தம்பி, இப்ப அது எங்க போச்சு? பெரியவ போயிட்டா. என்ற பையனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அப்பா மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பெரியவள் இப்படிச் செய்துவிட்டாள், வார்த்தை முறிந்துபோயிற்று, என்னைப் பொறுத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் அத்தை கொஞ்ச நேரம் வைதுவிட்டு, பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டு போயிருப்பார். ஆனால் 'பெரியவள்' என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பாவுக்குக் கண் சிவந்துவிட்டது. "எந்தப் பெரியவ? எனக்கு ரெண்டு புள்ளைன்னு யாரு சொன்னது? எனக்கு ஒரே புள்ளை" என்றார்.

அத்தை அப்போதுதான் பாயில் உட்கார்ந்தார். "அப்படிச் சொல்லு சாமி. அந்த ஒண்ணு எம்பட ஊட்டுக்கு வருது" என்றார்.

அப்பா உன்னை இல்லை என்று சொல்வதற்காகத்தான் அதைச் சொன்னார் அக்கா, என்னைக் கொடுப்பதற்காகச் சொல்லவில்லை. நான் அப்போது கதவோரம் நின்றிருந்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒரே பிள்ளை நான் என்றால் சீரில் கொடுத்த வார்த்தையும் என் மேல்தான் விழும் என்பது, அத்தை சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஆனால் நாலு பேருக்கு முன்னால் சொன்னதை அதே மூச்சில் திருப்பி எடுக்க அவருக்குத் தெரியவில்லை. என் பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்பது மட்டும் பேச்சாகியிருக்கிறது. அதற்குள் அப்பா ஏதாவது வழி கண்டுபிடிப்பார் என்று நம்பிக்கொண்டு படிக்கிறேன். கோயமுத்தூருக்குப் போய் நீ படித்த அதே பி.ஏ. இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்கிற ஆசையை நான் விடவில்லை.

இங்கிலீஷ் இரண்டாம் தாளில் சின்ன வாக்கியங்களைச் சேர்க்கும் கேள்வி கட்டாயம் வரும் என்கிறார் டீச்சர். அது எனக்குப் பயமில்லை. பஸ் நிறுத்தம் வரை நடக்கும்போது கண்ணில் படுவதைப் பற்றி நீ இரண்டு சின்ன வாக்கியம் சொல்வாய், எதிரே வருகிறவர் நம்மைத் தாண்டுவதற்குள் நான் அதை ஒன்றாக்க வேண்டும். 'அவர் ஒரு பெரியவர். அவர் கக்கத்தில் கோழி வைத்திருக்கிறார்.' 'அது ஒரு வேன். அதன் கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள்.' நான் ஹூவும் விச்சும் ஹூஸும் போட்டுக் கத்துவேன். கோழி வைத்திருந்தவர் ஒரு நாள் நின்று, "ஏனுங்க அம்மணிகளா, என்னைய வெள்ளைக்காரன் பாசையில வையறீங்களா?" என்று கேட்டாரே, அவரை நேற்றுக்கூடப் பார்த்தேன். உன்னை எங்கே காணோம் என்று கேட்கவில்லை. ஊருக்கே தெரியும் அல்லவா.

சேர்த்துச் சேர்த்துப் பார்த்ததில் நானாகவே ஒன்று கண்டுபிடித்தேன். நம் பேச்சில் ஒருவர் செய்தது முதலில் வந்துவிடுகிறது, ஆள் கடைசியில்தான் வருகிறார். இங்கே எல்லோரும் உன்னை 'ஓடிப்போன கலாமணி' என்கிறார்கள். ஓடிப்போனது முன்னால் வந்து நின்றுகொள்கிறது, அதைத் தாண்டித்தான் உன் பெயருக்கு வர வேண்டியிருக்கிறது. இங்கிலீஷில் கலாமணி என்று முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு ஹூ போட்டு மற்றதைச் சொல்லலாம். வேண்டாமென்றால் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். அதனால் உன்னைப் பற்றி நினைக்கும்போது இங்கிலீஷிலேயே நினைக்கிறேன்.

அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். உன் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். ஒரு நாள், 'ஒரு பெண் இருக்கிறாள். அவள் பூனாவில் இருக்கிறாள்' என்று இரண்டு வாக்கியத்தை இங்கிலீஷில் சேர்த்துச் சொன்னேன். பூனா என்ற சொல் கேட்டதும் அம்மாவின் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "அந்தப் பாடத்துல ஒரு புள்ளை வந்துச்சே கண்ணு, அது நல்லா இருக்குதா?"

நன்றாக இருக்கிறது என்றேன்.

"ஊடு பெருசா?"

பாடத்தில் அது இல்லையே அம்மா என்றேன். அதனால் நீ பதில் எழுதும்போது வீட்டைப் பற்றியும் எழுது.

உன் பதிலுக்காகப் பள்ளிக்கூட வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
சண்முகப்பிரியா


கருமத்தம்பட்டி,
3.3.1996

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. டீச்சர் இடைவேளையில் கூப்பிட்டுக் கொடுத்தார். கை கழுவிவிட்டு வந்து பிரித்தேன்.

'நலம். இங்கே குளிர் அதிகம். வீடு சின்னது. நன்றாகப் படி.'

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள்ளும் பார்த்தேன். நீ எப்போதும் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதற்குள் வழியில் பார்த்தவர், அவர் கட்டியிருந்த சேலை, அந்தச் சேலை எடுத்த கடை எல்லாம் வந்த பிறகுதானே முடிப்பாய். உனக்கு வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் பாடத்தில் வருகிற பெண்ணின் வீடு சின்னது, ஆனால் தெருவைப் பார்த்த மாதிரி ஒரு ஜன்னல் இருக்கிறது என்று சொன்னேன். ஜன்னல் நானாகப் போட்டது. அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. காற்று வருமா என்று கேட்டாள்.

இங்கே ஒரு விஷயம் நடந்துவிட்டது. அதை முதலிலிருந்து எழுதுகிறேன்.

மாசி பிறந்ததும் ஒரு சாயங்காலம் சுரேந்தர் மச்சான் வந்தார். மொபெட்டை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, தலையிலும் புருவத்திலும் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே நின்றார். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று பயந்து உள்ளே போனேன். அவர் அம்மாவிடம், பாப்பாவுக்கு இங்கிலீசு நல்லா வருமாமா, ஒரு கடுதாசி பார்க்கோணும் என்றார்.

அவர் தறியில் ஓடும் காடாத்துணியைப் பம்பாயில் ஒரு சேட்டு, தானே நூல் அனுப்பி நெய்து வாங்குகிறாராம். அவருக்கு இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். மச்சான் எழுதியதைக் காட்டினார். 'நூல் வந்தது. நூல் ஈரம். தறியில் பாவு நூல் ஓட்டினோம். பாவு அறுகிறது. நீங்கள் சொன்னீர்கள். நீங்கள் அனுப்பவில்லை.' இப்படியே பக்கம் முழுவதும் இருந்தது.

"அந்தச் சேட்டு என்ன சொல்றான் தெரியுமா அம்மணி? உன்ற கடுதாசியைப் பிரிக்கவே பயமா இருக்குது, ஊட்டுல யாரோ செத்துப்போயிட்டாங்கன்னு தந்தி வந்த மாதிரியே இருக்குதுங்கறான்" என்று அவரே சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா திரும்பி நின்று சிரித்தாள். நீ போன பிறகு இந்த வீட்டில் யாராவது சிரித்தது அன்றுதான்.

நான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். நீங்கள் அனுப்பிய, ஈரமாக வந்து சேர்ந்த நூலில் நாங்கள் ஓட்டிய பாவு அறுந்துகொண்டே இருக்கிறது என்று ஒரே வாக்கியமாகப் போட்டேன். மச்சான் அதை வாய்விட்டு மெதுவாகப் படித்தார். ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் முடிச்சே தெரியவில்லையே என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன் அக்கா, எனக்கு ஒரு எண்ணமும் இருந்தது. படிப்பு எவ்வளவு உபயோகம் என்று அவர் கண்ணால் பார்த்தால், இந்தப் பெண் படிக்கட்டும் என்று அவரே தன் அம்மாவிடம் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அதனால் அடுத்த தடவை வந்தபோதும் எழுதிக் கொடுத்தேன். அதற்கு அடுத்த தடவை கேட்டேவிட்டேன். மச்சான், நீங்கள் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் காலேஜுக்குப் போவேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மொபெட்டின் சாவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார், "ஒருக்கா உங்கக்கா என்னைய வேண்டாமுன்னு போட்டுப் போயிட்டா. பஸ்சுல ஏறுனா இன்னும் என்னையப் பாத்துச் சிரிக்கறாங்க. இப்ப நானே வேண்டாமுன்னு சொன்னா, சின்னவளும் இவனை ஒதுக்கிப்போட்டான்னுதான் ஊரு பேசும். என்னால முடியாது அம்மணி."

அடுத்த வாரம் அத்தை வந்தார். கையில் பம்பாய்க்காரர் மச்சானுக்கு எழுதிய பதில் இருந்தது. நல்ல நூல் அனுப்பிவிட்டாராம். கடிதம் எழுதியது யார் என்றும் கேட்டிருந்தாராம். அத்தை என் கன்னத்தை வழித்துச் சொடுக்கினார். "பெரியவ படிச்ச இங்கிலீசு ஓடறதுக்கு ஆச்சு. சின்னவ படிச்சது தொழிலுக்கு ஆகுமாட்ட இருக்குது" என்றார். இனிமேல் மேலே படிக்க என்ன இருக்கிறது, இவ்வளவு தெரிந்தால் போதாதா என்று அப்பாவிடம் கேட்டார். பரீட்சை முடிந்த கையோடு சித்திரையில் தட்டு மாற்றி உறுதி வார்த்தை என்றும் வைகாசியில் கல்யாணம் என்றும் பேசிவிட்டுப் போய்விட்டார். எனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை என்று அம்மா மெல்ல ஆரம்பித்தாள். பத்திரிகையில் யாராவது வயசு போடுகிறார்களா என்றார் அத்தை.

ரங்கநாயகி டீச்சர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசினார். அப்பா அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், நான் சொல்லிவிட்டேனே டீச்சர் என்றார். டீச்சர் மோர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அக்கா, நான் நன்றாக யோசித்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறேன். நீ ஒரு தடவை வா. வீட்டுக்குள் வர வேண்டாம். உறுதி வார்த்தை நாளில் சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது வாசலில் வந்து நில், போதும். அப்பா வைவார், கையில் கிடைத்ததை எடுத்து எறிவார். எறியட்டும். ஆனால் வைய வேண்டுமென்றால் உன்னை மகள் என்று வைதுதானே ஆக வேண்டும்? அத்தனை பேர் பார்க்கும்போது இரண்டு பெண்களுக்கு அப்பாவாகிவிடுவார். மூத்தவளோடு முறிந்த வார்த்தை முறிந்ததாகவே போய்விடும், அத்தை என்னைக் கேட்க முடியாது. நீயும் அப்பாவும் இரண்டு தனித்தனி வாக்கியமாக நிற்கிறீர்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பது நான்தான். பொதுவாக ஒன்று இருந்தால் இரண்டு வாக்கியத்தையும் சேர்க்கலாம் என்று நீ சொன்ன கணக்குப்படி பார்த்தால் சேர்க்க முடிய வேண்டும்.

மாமாவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். நீ மட்டும் வா. ரயில் காலையில் கோயமுத்தூர் வந்துவிடும் என்று டீச்சர் விசாரித்துச் சொன்னார். அங்கிருந்து அவிநாசி பஸ். வழி உனக்குத் தெரியும்.

உன் வரவை நம்பிப் படித்துக்கொண்டிருக்கும்,
சண்முகப்பிரியா


கருமத்தம்பட்டி,
25.4.1996

அன்புள்ள அக்காவுக்கு,

பரீட்சை முடிந்தது. இங்கிலீஷ் இரண்டாம் தாளில் நீ சொல்லிக்கொடுத்த கேள்வி வந்தது. எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். கிணறு ஒன்று, அதில் தண்ணீர் இல்லை என்று ஒரு கேள்வி. ஒரு பையன், அவன் அப்பா மாலுமி என்று ஒன்று. எழுதி முடித்த பிறகும் நேரம் இருந்தது. வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி இதை யாரும் என்னிடம் கேட்கப்போவதில்லை என்று அப்போது தோன்றியது. தாளை வாங்கிக்கொள்ள வந்தவர், என்னம்மா எழுதத் தெரியலையா என்று கேட்டார்.

உன் இரண்டாவது கடிதம் பரீட்சைக்கு நடுவில் வந்தது. நான் கலங்கிவிடுவேன் என்று டீச்சர் கடைசித் தேர்வு முடிந்த பிறகுதான் கொடுத்தார்.

'வர முடியாது. டிக்கெட்டுக்குக் கேட்க முடியாது. இனி இதைக் கேட்காதே. அடிக்கடி எழுதாதே.'

டிக்கெட்டுக்கு யாரிடம் கேட்க முடியாது என்று நீ எழுதவில்லை. முதல் கடிதத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதிலும் மாமா இல்லை, இதிலும் மாமா இல்லை. நீ இங்கே இருந்தபோது ஒரு வாக்கியம்கூட மாமாவின் சீனிவாசலு என்ற பெயர் இல்லாமல் உன் வாயிலிருந்து வராது. நீங்கள் வேலை பார்த்த பம்பு கம்பெனியில் அவர் எந்தப் பம்பை ஓட்டிப் பார்த்தார், சாப்பாட்டுக்கு என்ன கொண்டுவந்தார் என்று போர்வைக்குள் எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாய், நான் தூங்கிவிடுவேன். அதற்கு மேல் நான் ஒன்றும் யோசிக்க விரும்பவில்லை. அடிக்கடி எழுதாதே என்றாய். அதனால் நடந்ததை எல்லாம் இந்த ஒரே கடிதத்தில் எழுதுகிறேன்.

உறுதி வார்த்தை நடந்துவிட்டது.

ஒறம்பரை நிறையப் பேர் வந்திருந்தார்கள். சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் தம்பிதுரை நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் யார், எந்தக் குலத்துக் கூட்டம் என்று முறைப்படி சொல்ல ஆரம்பித்தார். வெற்றிலைத் தட்டு அப்பா கையில் இருந்தது. நான் அறைக் கதவோரம் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வர மாட்டாய் என்று எழுதியிருந்தாய், இருந்தாலும் அவிநாசி பஸ் நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பார்த்தேன். அருமைக்காரர், "காளிச்சாமியோட ஒரே மக சண்முகப்பிரியாவை" என்றார்.

நீ வராததால் நானே சொன்னேன். "ஒரே மகள் இல்லீங்க. எனக்கு அக்கா இருக்கறாங்க."

சத்தமாகத்தான் சொன்னேன். எல்லோருக்கும் கேட்டது. பக்கத்துத் தறிக்குடோனில் தறி ஓடும் சத்தம் அவ்வளவு தெளிவாக நான் கேட்டதே இல்லை. அருமைக்காரர் அப்பாவைப் பார்த்தார். சுரேந்தர் மச்சான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா எனக்குப் பின்னால் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

அத்தைதான் பேசினார். "இருக்கறாளா? அப்ப எங்க இருக்கறாள்னு அவங்க அப்பனைச் சொல்லச் சொல்லு. நான் எந்திரிச்சுப் போயிடறேன்."

அப்பா ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் வாயைத் திறந்தார். பிறகு, "புள்ளை ஏதோ தெரியாம பேசுது. தட்டை மாத்துங்க" என்றார். மாற்றிக்கொண்டார்கள்.

எல்லோரும் போன பிறகு அப்பா சாப்பிடவில்லை. நான் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மாட்டுக் கயிற்றை அவிழ்த்து, மறுபடியும் அதே கட்டையிலேயே கட்டினார். "அன்னைக்கு வேற மாதிரி சொல்லியிருக்கலாம் கண்ணு" என்றார். முடிச்சை இறுக்கிவிட்டு, "சொல்லிப்போட்டேன்" என்றார்.

அப்பாவை நான் வெறுக்கவில்லை அக்கா. வெறுத்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று இரவு நான் சத்தமாகப் படிக்கவில்லை. படிக்க ஒன்றும் இல்லை. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, "பரிச்சை முடிஞ்சா பாடமும் முடிஞ்சுபோயிருமா கண்ணு?" என்று கேட்டாள். அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இல்லை அம்மா, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்றேன்.

உன்னைத் தொந்தரவு செய்ய விரும்பாத,
சண்முகப்பிரியா


கருமத்தம்பட்டி,
21.5.1996

அன்புள்ள அக்காவுக்கு,

இதோடு என் கல்யாணப் பத்திரிகையை வைத்திருக்கிறேன். நாலு மூலைக்கும் நானே மஞ்சள் தடவினேன். இந்த வீட்டிலிருந்து உனக்குப் பத்திரிகை வைக்க வேறு யாரும் இல்லை. அதில் என் பெயருக்கு முன்னால் 'ஏக புத்திரி' என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்து வருத்தப்படாதே. அச்சகத்திலிருந்து வந்த பத்திரிகைக் கட்டை அப்பா இதுவரை பிரிக்கவில்லை. அத்தை வீட்டார்தான் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள்.

காலேஜில் விண்ணப்பம் வாங்கும் நாள் முடிந்துவிட்டது. டீச்சர் எனக்காக வாங்கி வைத்திருந்ததை வேறு ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். நான்தான் கொடுக்கச் சொன்னேன். தபாலில் படிக்கலாம், அதற்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்று சுரேந்தர் மச்சான் ஒரு நாள் சொன்னார். பக்கத்தில் இருந்த அத்தை, தறிக்குப் பாவு பிணைக்கவே ஆள் இல்லை, இவள் வாக்கியத்துக்கு வாக்கியம் பிணைத்துக்கொண்டு உட்காருவாளா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பம்பாய்க்கு எழுத வேண்டிய கடிதங்களை மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்திருக்கிறாராம்.

இனி நான் உன்னை வரச் சொல்ல மாட்டேன். டிக்கெட்டைப் பற்றியும் கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடிக்கடி எழுதாதே என்று நீ சொல்லியும் கேட்கிறேன்.

நேற்று அம்மா என் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, "அந்தப் பாடத்துல வர்ற புள்ளை அப்பறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். ஜன்னலை நானாகப் போட்டேன். அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு பூக்கடையும் போட்டிருக்கிறேன். இதற்கு மேல் என்னால் எதையும் போட முடியவில்லை அக்கா. நான் சும்மா இருந்ததைப் பார்த்து அம்மா, "சரி உடு" என்று சொல்லிவிட்டு என் பாவாடை ஒன்றை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

நீ ஒரு வாக்கியம் எழுதி அனுப்பு. இங்கிலீஷில் எழுது. உன் வீடு, அதில் இருக்கிற அல்லது இல்லாத ஜன்னல், நீ காய் வாங்கும் கடை, கடைக்காரர், உனக்கு அங்கே பழக்கமான யாராவது ஒருத்தி, அவள் குழந்தை, மாமா, மாமா உன்னிடம் சொன்ன ஏதாவது ஒரு நல்ல வார்த்தை, எல்லாம் ஹூவும் விச்சும் ஹூஸும் போட்டுச் சேர்ந்து, பஸ் நிறுத்தம் வரை நடந்தாலும் முடியாத ஒரு வாக்கியம். உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கேயும் நிற்காமல் இருந்தால் போதும். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நீளம் தெரியும். சின்னச் சின்னதாகச் சொன்னால் தந்தி என்று நினைத்துப் பயந்துவிடுவாள். நீளமாக இருந்தால் நல்ல சேதி என்று நினைத்துக்கொள்வாள்.

நான் போன பிறகு அவளுக்குப் பாடம் படித்துக் காட்ட இந்த வீட்டில் யாரும் இல்லை. அதனால் முகூர்த்தத்துக்கு முன்னால் வந்து சேரும்படி போடு. தேதி பத்திரிகையில் இருக்கிறது.

உனக்கு நான் சின்னவள், ஆசீர்வாதம் செய்யக் கூடாது. இருந்தாலும் இந்த ஒரு தடவை செய்கிறேன். நம் இரண்டு பேரில் நீயாவது நன்றாக இரு.

இப்படிக்கு,
அங்கே உனக்கு என்ன நடந்தாலும், இங்கே பத்திரிகையில் என்ன போட்டிருந்தாலும், உனக்குத் தங்கையாகவே இருக்கிற,
சண்முகப்பிரியா